கான்பூர் ராணியின் மூக்குக் கொக்கி

அத்தியாயம் ஐந்து

பம்பாயில், செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே, மாவு மில்லின் மாடியில் இருந்தது கலைச்செல்வியின் துப்பறியும் ஆபீஸ். மூன்று நாற்காலிகள். ஒன்று அவளுக்கு, ஒன்று கட்சிக்காரருக்கு. மூன்றாவது உதவியாளர் பஞ்சுவுக்கு. அதற்கு ஒரு கால் குட்டை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆயுசு முழுக்கப் பொய் கிளெய்ம்களாகப் பார்த்துத் தள்ளி, அந்த வாசனையிலேயே தலை நரைத்து ரிடையரான மனிதர் அவர். கொலையோ கொள்ளையோ, எந்த மர்மத்தையும் ஆடிக்கொண்டேதான் கேட்பார்.

அன்று சாயங்காலம் அந்த நாற்காலி ஆடவில்லை.

"'அந்தச் சாமான் பழசு இல்ல தாயி, வேடிக்கைக்கு வைக்கச் செஞ்சது, அதை வானத்துல ஏத்திராதீய'. போன்ல யாரோ ஒருத்தி இவ்வளவுதான் சொன்னா. வச்சுட்டா. திருப்பிக் கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப்" என்றாள் ஸ்ரீலேகா. பாங்க் மேனேஜர். கோடி ரூபாய் லோனைக் கண் சிமிட்டாமல் நிராகரிக்கிறவள், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரை மேஜையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்தது?" என்றாள் கலைச்செல்வி.

"நேத்து."

"நேத்தா? இன்னிக்குத்தான் வரேளா?" என்றார் பஞ்சு.

"அம்மாவுக்குத் தெரியாம வரணுமே சார். அவளுக்கு பிபி."

விஷயம் இதுதான். ஸ்ரீலேகாவின் அப்பா வெங்கடராமன் விமானப்படையில் மெக்கானிக். லிபரேட்டர் என்கிற நாலு என்ஜின் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டி மேய்த்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவற்றைப் பதினெட்டாயிரத்துக்கு மேல் செய்து தள்ளியது. ஆகாயத்தில் காக்காய்க்கு இடமில்லை. போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் ஒரு கூட்டத்தைக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள். சும்மா போட்டார்களா? நமக்கு உதவிவிடக் கூடாதென்று இடித்து, நசுக்கி, என்ஜினில் மண்ணையும் போட்டுவிட்டுப் போனார்கள். நம் ஆட்கள் அந்தப் பிணங்களைத் தட்டிக்கொட்டி எழுப்பி, இருபது வருஷம் பறக்கவிட்டார்கள். இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் பறக்கிற லிபரேட்டர்களை எண்ண ஒரு கை விரல்கள் தாராளம். அதில் ஒன்று, கான்பூரிலிருந்து கடல் தாண்டிப் போய் அமெரிக்காவில் ஒரு டிரஸ்டிடம் இருக்கும் 'கான்பூர் ராணி'. அதைப் பராமரிக்கிற மெக்கானிக், வெங்கடராமனின் பிள்ளை நகுல்.

ராணி இரண்டு வருஷமாகத் தரையில் கிடந்தாள். மூக்குக்கு அடியில் இருக்கும் சக்கரத்தை மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டுக் கொக்கி தேய்ந்துபோயிற்று. உள்ளங்கை அகல எஃகுத் துண்டு. எங்கும் கிடைக்கவில்லை. மாட்டுங்கா வீட்டில், செத்துப்போன அப்பா ஞாபகத்துக்கு வைத்திருந்த கொக்கி ஒன்று உண்டு. நகுல் அம்மாவைக் கேட்டான். அம்மிணி அம்மாள் அனுப்பிவிட்டாள். இன்று அந்தக் கொக்கியோடு ராணியின் முதல் பறப்பு. உள்ளே நகுல்.

"யார் மேலயாவது சந்தேகம்?"

"வேங்கடசுப்ரமணியன்னு ஒருத்தர். இங்கேதான், செம்பூர்ல பழைய சாமான் சேர்க்கறவர். அந்தக் கொக்கியை விலைக்குக் கேட்டு அப்பாவோட காரியத்தன்னிக்கே வந்து நின்னார். அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவைக் கார்கோவில போட்டதும் அவர்தான்."

"பதிமூணாம் நாள் பாயசத்தோடயே பேரம் பேசியிருக்கார். நடுவழியில மாத்தியிருப்பார் பாஸ்" என்றார் பஞ்சு. "கேஸ் முடிஞ்சுது. ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய்?"

கலைச்செல்வி நகுலை வீடியோவில் கூப்பிட்டு, வந்த போனைப் பற்றிச் சொன்னாள். அங்கே காலை. அவன் தலைக்குப் பின்னால் கான்பூர் ராணி நின்றிருந்தாள். மூக்கு முழுக்கக் கண்ணாடி, இரட்டை வால், திமிங்கலம் பட்டினி கிடந்ததுபோல ஓர் உடம்பு.

"யாரோ விஷமத்துக்குப் பண்ணின போன் மேடம். எல்லா டெஸ்டும் பண்ணியாச்சு. உள்ளுக்குள்ள ஒரு கீறல் கிடையாது. புதுசு மாதிரி இருக்கு."

"எண்பது வருஷத்துச் சாமான்ல ஒரு கீறல்கூடவா இல்ல?"

"அந்தக் காலத்து ஸ்டீல்!" சிரித்தான். பிறகு குரல் இளகியது. "டப்பாவைத் திறந்தேனா, எங்காத்து சமையலறையே எழுந்து வந்த மாதிரி இருந்தது. தோசை மாவு வாசனை. ஊருக்கு வந்து எத்தனை வருஷமாச்சு! ஹேங்கர்னுகூடப் பாக்காம அழுதுட்டேன்."

"இன்னிக்கு நிறுத்தி வைக்க முடியாதா?"

"பேர் தெரியாத போனுக்காகவா? இந்தக் கொக்கிக்கு நான்தான் பொறுப்பு. நிறுத்தினா நாளைக்கு டிரஸ்டுல என்னை வாசல்ல நிக்க விடமாட்டா. ருசு காட்டுங்கோ, நானே சாவியைப் பிடுங்கறேன். இல்லேன்னா காபி குடிச்சதும் கிளம்பறோம்."

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"இறங்கறச்சே யாராவது மூக்குக்குள்ள தவழ்ந்து போய், சக்கரம் பூட்டிண்டுதான்னு கண்ணால பாக்கணும். அது என் வேலை. கொக்கிக்குப் பக்கத்துலயேதான் இருப்பேன், கவலைப்படாதீங்கோ."

படம் அணைந்தது. கவலைப்படாமல் இருக்க அங்கே யாருக்கும் தெரியவில்லை.

கலைச்செல்வி ஸ்ரீலேகாவின் போனை வாங்கி, எச்சரித்தவளின் நம்பரைத் திறந்தாள். வாட்ஸப் படத்தில் ஆள் முகம் இல்லை. ஒரு லேத் மிஷின். சரஸ்வதி பூஜை அலங்காரத்தில், சம்பங்கி மாலையும் பட்டை விபூதியும் நடுவில் ரூபாய் அகலக் குங்குமமுமாக நின்றது.

"மாப்பிள்ளை லட்சணமா இருக்கார்" என்றார் பஞ்சு. "ஜாதகம் வந்துதா?"

"மாப்பிள்ளைக்குப் பின்னால பாருங்க சார்."

படத்தைப் பெரிதாக்கினாள். சுவரோரம் அலுமினியக் கொப்பரைகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

"இட்லிக் கொப்பரை. பம்பாய் பூரா சைக்கிள்ல போற இட்லி தாராவியில எந்தச் சந்துல வேகுதுன்னு எனக்குத் தெரியும். நான் பொறந்த சந்து. ஆனா அங்க லேத்துக்கு என்ன வேலை?"

"இட்லி கல்லா இருந்தா கடைஞ்சு எடுக்கவோ என்னமோ."

"கிரைண்டர் சார். ராப்பகலா ஓடுற கிரைண்டருக்கு ஷாஃப்ட் தேயும். புதுசு கடைஞ்சு போட ஒரே ஒரு லேத் அந்தச் சந்துல உண்டு. வாங்க."

மழை விட்டிருந்தது. தாராவியின் அந்தச் சந்து எவ்வளவு குறுகலென்றால், பஞ்சு மூச்சை இழுத்தால்தான் எதிரே வருகிறவர் மூச்சை விடலாம். ஸ்ரீலேகா சந்து முனையில் சிக்னல் பிடித்து நின்று ஹேங்கருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க, மற்ற இருவரும் உள்ளே போனார்கள்.

லேத் மூடிக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற டப்பில் ஒரு பெண் முழங்கை வரை மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"கிரைண்டர் ஷாஃப்ட் ஒண்ணு கடையணும்க்கா" என்றாள் கலைச்செல்வி.

"எங்க வீட்டுக்காரவுக ஊருக்குப் போயிருக்காவ. அடுத்த வாரம் வாங்க."

"வானத்துல ஏத்துற சாமானுக்கும் அதே கம்பிதான் போடுவாகளாக்கா?"

மாவுக்குள் கை நின்றது. அவள் பெயர் சங்கரேஸ்வரி. பெயரைச் சொல்வதற்குள் அழுதுவிட்டாள்.

"நான்தான் போன் போட்டேன். பம்பாய்த் தமிழ் வாட்ஸப் குரூப்புல அந்த அம்மா ஒரு வீடியோ போட்டிருந்தாவல்லா? அவுக தம்பி கையில நாங்க செஞ்ச சாமான்! இதுலதான் ஏரோப்ளேன் சக்கரம் நிக்கப்போவுதுங்காரு. அதுல இருந்த நம்பரைப் பாத்து உடனே போட்டேன். 'போலீஸ் லஃப்டா ஆயிரும், வாயை மூடுட்டி'ன்னு இவுக போனை அணைச்சுப் போட்டுட்டு ஊருக்கு ரயில் ஏறிட்டாவ."

"எந்தக் கம்பில செஞ்சாக?"

"மிச்சம் கெடந்த ஷாஃப்ட்டு கம்பிதான். சோகேஸ்ல வைக்கதுக்குன்னு கேட்டா வைரத்துலயா செய்வாவ?"

பஞ்சு நிமிர்ந்தார். "பாஸ், ஒண்ணும் பயமில்லை. கொக்கி ரெண்டாச்சு, அவ்வளவுதானே? எந்த மடையனும் நிஜத்தை அமெரிக்காவுக்கு அனுப்பிட்டு, ஞாபகத்துக்கு நகலைத்தானே வச்சுப்பான்? வீடியோவுல பாத்து ரெண்டையும் இந்த அம்மாவால எப்படி வித்தியாசம் சொல்ல முடியும்?"

நியாயமான கேள்விதான். சங்கரேஸ்வரியே குழம்பிப்போய்க் கண்ணைத் துடைத்தாள். "ஆமா, ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். கடைஞ்சப்போ பளபளன்னு மின்னிச்சி. பழசு மாதிரி வேணும்னு கேக்கவும், நான்தான் புளிச்ச மாவுல ரெண்டு நாள் முக்கிப் போட்டேன். கறுத்து, சொறிபிடிச்சு, அசல் கணக்கா ஆயிட்டு. எவ்வளவு கழுவியும் வாடைதான் போவல."

பஞ்சுவின் வாயில் தயாராக இருந்த அடுத்த ஜோக் அங்கேயே செத்தது.

தோசை மாவு வாசனை. நகுல் அழுதது அம்மாவின் சமையலறைக்காக அல்ல. சங்கரேஸ்வரியின் டப்புக்காக.

"போனது நகல்" என்றாள் கலைச்செல்வி. மூன்று எட்டில் சந்து முனைக்கு ஓடினாள். ஸ்ரீலேகா அவளைப் பார்த்ததும் போனை நீட்டினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"கிளம்பிட்டா. இப்பத்தான். சத்தம் கேட்டுது."

மறுமுனையில் ஹேங்கரின் ரேடியோப் பெண்மணி. கலைச்செல்வி இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அவள் அதை ஆகாயத்துக்குச் சொன்னாள். கிளம்பும்போது கொக்கி தாங்கிவிட்டது. இறங்கும் அடியில் வளைந்தால், மூக்கு தரையில் உழும். உள்ளே தவழ்ந்திருப்பவன் மிஞ்ச மாட்டான். பைலட்டிடமிருந்து பதில் உடனே வந்தது. எல்லோரையும் வாலுக்கு அனுப்பிவிட்டு, மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி இறங்க முடியும். ஆனால் ஆகாயத்திலேயே வால் கனத்தால் விமானம் கைமீறிப் போகும், அதுவே ஆளைக் கொல்லும். மாவு வாசனையை நம்பி அந்த விஷப்பரீட்சை செய்ய மாட்டேன். நிஜக் கொக்கியைக் கண்ணால் பார்த்தீர்களா? பார்த்துச் சொல்லுங்கள், பெட்ரோல் இருக்கும்வரை சுற்றுகிறேன்.

கலைச்செல்வி மறுபடி உள்ளே ஓடினாள். "செய்யக் கொடுத்தது யாரு? செம்பூர்ல பழைய சாமான் சேக்குறவரா?"

"ஆம்பளையே இல்லம்மா. வயசான ஒரு ஐயர் வீட்டம்மா. ரெண்டு சந்து தள்ளி டாக்ஸியை நிறுத்திட்டு ஒத்தையில நடந்து வந்தாவ. பேரு சொல்லல. பழசை எங்க கையில குடுக்கவே இல்ல பாத்துக்கிடுங்க. பட்டுத்துணியில சுத்தி மடியிலயே வச்சுக்கிட்டு, இவுகளப் பாத்து 'செருப்பைக் கழட்டிட்டு அளவெடு'ன்னாவ. இரும்புத் துண்டுக்குச் செருப்பைக் கழட்டச் சொன்னா சிரிப்பாணி வராதா?"

கலைச்செல்விக்குப் புரியவில்லை. பஞ்சுவுக்குப் புரிந்தது. பாலக்காட்டு அக்ரகாரத்திலிருந்து வந்த குடும்பத்தில், மாட்டுங்காவிலேயே பிறந்து, வளர்ந்து, வழுக்கை விழுந்தவர். எந்த இரும்புக்கு எந்த வீட்டில் செருப்பைக் கழற்றுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"பாஸ், டாக்ஸி" என்றார். "மாட்டுங்கா. ஸ்ரீலேகாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்கோ."

சயான் சர்க்கிளில் டிராஃபிக் பசை தடவினதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. டிரைவரை பஞ்சு தமிழில் கெஞ்சினார், ஹிந்தியில் திட்டினார், மராத்தியில் மாமா என்று கூப்பிட்டார். கொஞ்சம் விட்டிருந்தால் இறங்கித் தள்ளியிருப்பார்.

அம்மிணி அம்மாள் கதவைத் திறந்தாள். எழுபதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, நெற்றியில் விபூதிக் கீற்று. மகளையும் இரண்டு அந்நியர்களையும் பார்த்து, "வாங்கோ, காபி போடறேன்" என்றாள்.

பஞ்சு செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு, நேரே பூஜை மாடத்தின் முன்னால் போய் நின்றார். பெரிய குருவாயூரப்பன் படம்.

"மாமி, அப்பனைக் கொஞ்சம் நகர்த்தலாமா?"

"நீங்க குளிச்சேளா?"

"ரெண்டு தரம்." ஒரு தரம்தான். அந்தப் பாவம் அவரோடு போகட்டும்.

படத்தை நகர்த்தினார். பின்னால் சிவப்புப் பட்டின்மேல் உள்ளங்கை அகலக் கொக்கி. சந்தனம் காய்ந்து, அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். மூன்று வருஷமாக அப்பியது. தலையில் அன்றைய துளசி.

"அம்மா!" என்றாள் ஸ்ரீலேகா. அது கூப்பிட்ட குரல் இல்லை.

கலைச்செல்வி போனில் "கண்ணால் பார்த்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். மறுமுனையில் ரேடியோ கரகரத்தது.

அம்மிணி அம்மாள் துளியும் பதறவில்லை. "ஆமா, நான்தான். அதுக்கென்ன இப்போ? அவர் போனப்புறம் அவராத்தான் அதை வச்சிண்டிருக்கேன். பூஜையில வச்சதை ஆத்தை விட்டு அனுப்புவாளா? குழந்தை கேட்டான், இல்லேன்னு சொல்ல மனசு வரலை. அதே மாதிரி ஒண்ணு பண்ணி அனுப்பினேன். அங்கே கண்ணாடிப் பொட்டியில வைக்கறதுக்கு எதுவா இருந்தா என்ன?"

"கண்ணாடிப் பெட்டின்னு யாரு சொன்னாங்க?" என்றாள் கலைச்செல்வி.

"அவன் மியூசியத்துலதானே உத்யோகம் பாக்கறான்?"

ஸ்ரீலேகா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "நாங்கதான் அப்படிச் சொல்லி வச்சோம். அவன் அதுல ஏறிப் பறக்கறான்னு தெரிஞ்சா அம்மா தூங்க மாட்டாளேன்னு... எத்தனையோ வருஷமா..."

"எது பறக்கறது?" அம்மிணி அம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எண்பது வருஷத்து ஏரோப்ளேன் எங்கேயாவது பறக்குமோ? அவர் காலத்துலயே அதெல்லாம் பழசு. ஏண்டி, எது பறக்கறது?"

"மாமி, உக்காருங்கோ" என்றார் பஞ்சு. "நகுல் இப்ப அதுலதான் இருக்கான்."

அவள் உட்காரவில்லை. மாடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கலைச்செல்வி போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். ரேடியோப் பெண்மணி பார்க்கப் பார்க்கச் சொல்லிக்கொண்டே போனாள். மூக்கில் யாரும் இல்லை. எல்லோரும் நடுவில் வந்தாயிற்று. பின் சக்கரம் தரையைத் தொட்டதும் வாலுக்கு ஓட வேண்டும், அதற்கு முன் ஓடக் கூடாது. வந்துவிட்டார்கள். மரத்தைத் தாண்டியாயிற்று. சக்கரம் தொட்டது. ஓடுகிறார்கள். மூக்கு மேலே நிற்கிறது. நிற்கிறது. இன்னும் நிற்கிறது. வேகம் குறைகிறது. மெதுவாக, மெதுவாக இறங்குகிறது...

பிறகு ஒரு சத்தம். பம்பாயில் இருக்கிற அத்தனை கடை ஷட்டரையும் யாரோ ஒரே இழுப்பில் இழுத்து மூடியதுபோல. போன் தரையிலேயே அதிர்ந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரம் ஒன்றுமில்லாமல் இருந்தது என்று பின்னால் கேட்டால், பஞ்சு ஒரு யுகம் என்பார். வழக்கமாக அவர் சொல்கிற கணக்கில் பாதியைக் கழிக்க வேண்டும். இதில் கழிக்க வேண்டாம்.

"அக்கா..."

ஸ்ரீலேகா போனைப் பாய்ந்து எடுத்தாள். நகுல் இருமிக்கொண்டே பேசினான். "எல்லாரும் இறங்கிட்டோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லை. கொக்கி ரெண்டா மடிஞ்சு போயிருக்கு. ராணிக்கு மூக்கே இல்லைக்கா. நான் படுத்துண்டு பாக்கற இடம், அந்த இடமே இல்லை." மறுபடி இருமினான். "இனிமே அவ பறக்கமாட்டான்னு இங்கே பேசிக்கறா. எத்தனை குண்டுக்குத் தப்பிச்சவ! யாருக்கா இந்த வேலையைப் பண்ணினது? அந்த வேங்கடசுப்ரமணியனா?"

ஸ்ரீலேகா கலைச்செல்வியைப் பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. எங்கோ செம்பூரில் சிவனேயென்று இருக்கும் ஒரு மனிதர் தலையில் போட்டால், இந்த வீடு இன்று தூங்கும்.

கலைச்செல்வி தலையசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அவள் அம்மிணி அம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் போனைக் கொண்டா" என்றாள் அம்மிணி அம்மாள்.

"அம்மா, வேண்டாம். உனக்கு பிபி..."

"கொண்டாடி."

வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். ஸ்பீக்கர் இன்னும் அணைக்கப்படவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

"நகுல், நான்தான்டா."

"அம்மா? உனக்கு யாரு சொன்னா? நான் நன்னா இருக்கேம்மா. நீ ஒண்ணும் கவலைப்படாதே, இங்கே மியூசியத்துல சின்னதா..."

"நீ பறக்கறவன்னு தெரிஞ்சுடுத்து. போறும். இப்போ நான் சொல்றதைக் கேளு. வேற யாரும் பண்ணலை. அந்தக் கொக்கியைச் செய்யச் சொல்லி அனுப்பினது நான்தான். அப்பாவோடதை என்னால குடுக்க முடியலை."

தெருவில் ஒரு பஸ் போயிற்று. பஞ்சு தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் தீயணைப்பு வண்டியின் ஊளை கேட்டது, யாரோ நகுலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்டது.

"நகுல், இருக்கியா?"

அவன் பேசவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை. அம்மிணி அம்மாள் அதைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, மெதுவாக, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.